பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு வெளிநாடு: கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாப் பயணம் எப்படி?

கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் போக பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். ஆதார் நகல், போட்டோ, ‘இவர் மீது வழக்கு ஏதும் இல்லை’ என்று உங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் வாங்கிய சான்று, அரசு வேலையில் இருந்தால் துறையின் அனுமதிக் கடிதம், அவ்வளவுதான். இன்னொரு நாட்டு மண்ணில் ஒரு ராத்திரி தங்கி, பூசை பார்த்து, மறுநாள் பகலில் இராமேஸ்வரம் திரும்பிவிடலாம். இந்த வசதியைக் கொடுப்பது எந்த டிராவல்ஸும் இல்லை. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் 5வது பிரிவு. இந்திய மீனவரும் யாத்திரிகரும் அதுவரை போய்வந்த மாதிரியே போய்வரலாம், அதற்காக இலங்கை அவர்களிடம் பயண ஆவணமோ விசாவோ கேட்காது என்று அதில் இருக்கிறது. மீனவர் பாதி என்ன ஆனது என்பது எல்லோருக்கும் தெரியும். யாத்திரிகர் பாதி இன்னும் ஓடுகிறது, நான் எழுதப்போவது அந்தப் பாதிக்கான ரிவ்யூ.

நான் போனது 2025 மார்ச் 14, 15 திருவிழாவுக்கு. அதற்கு முந்தைய ஆண்டு நம் பக்கத்திலிருந்து படகே போகவில்லை. 2024 பிப்ரவரியில் இராமேஸ்வரம் படகோட்டிகள் சிலருக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்தது, அந்தக் கோபத்தில் மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்துவிட்டார்கள். அதனால் 2025இல் ரெண்டு வருஷத்துக் கூட்டம் ஒரே நாளில். நம் பக்கத்திலிருந்து மட்டும் மூவாயிரம் பேருக்கு மேல்.

பதிவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் கோட்டை விடுவது அங்கேதான். விண்ணப்பம் இராமேஸ்வரம் வேர்க்கோடு பங்குக் கோவிலில் கொடுப்பார்கள். ஆன்லைனில் டிக்கெட் போடுகிற வேலை எல்லாம் கிடையாது. படிவத்தைப் பூர்த்தி செய்து, நகல்களை வைத்து, பணத்தைக் கட்டிவிட்டு வர வேண்டும். கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, அதனால் இங்கே எண் எதுவும் போடவில்லை. டீசல், படகு வாடகை, இதர செலவு எல்லாவற்றையும் பார்த்தால் அநியாயம் என்று சொல்ல முடியாது. அந்தக் கட்டணத்துக்கு என்னென்ன கிடைக்கும் என்று எங்காவது எழுதி ஒட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்ணீர் உண்டா, சாப்பாடு உண்டா, படுக்க ஏதாவது உண்டா, ஒன்றும் தெரியாது. முன்பே போய்வந்தவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அவர்களும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

புறப்படுகிற காலையில் ஜெட்டியில் ஏகப்பட்ட சோதனை. பட்டியலில் பெயர் பார்ப்பது ஒரு இடம், பையைத் திறந்து பார்ப்பது ஒரு இடம், அப்புறம் படகு வாரியாகத் தலை எண்ணுவது. மது, பீடி சிகரெட், வியாபாரத்துக்கான சரக்கு, இதெல்லாம் கொண்டுபோக முடியாது. இதில் எனக்கு மறுப்பு இல்லை. பிரச்சினை வேறு. ஒரு மேசையில் ‘இது கொண்டுபோகலாம்’ என்று விட்ட பொருளை அடுத்த மேசையில் எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். ஒரு பாட்டி நேர்த்திக்கடனுக்குக் கட்டு மெழுகுவர்த்தி கொண்டுவந்திருந்தார், கோவிலில் செலுத்துவதற்கு இவ்வளவு எதற்கு என்று ஒருத்தர் கேட்க, பாட்டி பதில் சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பின்னால் இருந்த ஒரு பெரிய அதிகாரி கையசைத்து விட்டுவிட்டார். நிழலுக்குப் பந்தல் இருந்தது, ஆனால் வரிசை பந்தலைத் தாண்டி வெயிலில் நின்றது. காலை வெயில்தான் என்றாலும் இராமேஸ்வரத்துக் காலை வெயில்.

இப்போது படகு. விசைப்படகும் போகிறது, நாட்டுப்படகும் போகிறது. எங்களுக்கு வந்தது விசைப்படகு. வலையை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, தளத்தைக் கழுவி, மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். எவ்வளவு கழுவினாலும் மரத்துக்குள் ஊறிய மீன் வாடை போகாது, அதோடு டீசல் புகையும் சேர்ந்தால் வயிறு என்ன சொல்லும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உட்கார இருக்கை கிடையாது. தளத்திலும் பெட்டி மேலும் கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் கொடுத்தார்கள், போடச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார்கள், இது பாராட்ட வேண்டிய விஷயம். மார்ச்சில் பாக் நீரிணை பெரும்பாலும் சாந்தமாகத்தான் இருக்கும். இருந்தும் பாதி தூரத்தில் பலர் தலையைத் தொங்கப் போட்டுவிட்டார்கள். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைப் படகு ஏறும் முன்பே போட்டுவிடுங்கள், நடுக்கடலில் போட்டுப் பிரயோசனம் இல்லை.

கழிப்பறை இல்லை. நான் போன படகில் ஒரு தார்ப்பாய் மறைப்புகூட இல்லை. இதை ஏன் இவ்வளவு பெரிதாக எழுதுகிறேன் என்றால், இந்தப் பயணத்தில் வருகிறவர்களில் பெண்கள், அதிலும் வயதான பெண்கள், மிக அதிகம். ஜெட்டியில் காத்திருக்கும் நேரம், கடலில் போகும் நேரம், அந்தப் பக்கம் இறங்க வரிசையில் நிற்கும் நேரம், எல்லாம் சேர்த்தால் அரை நாளுக்கு மேல் ஆகிவிடுகிறது. அவ்வளவு நேரமும் அவர்கள் தண்ணீரே குடிக்காமல் வந்தார்கள். எங்கள் படகில் ஒரு அம்மா, ‘அந்தோணியாருக்கு ஒருசந்தி இருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன் தம்பி’ என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. நான்கு மூங்கிலும் ஒரு துணியும் வாளியும் போதும். ஐம்பது வருஷமாக ஒப்பந்தம் இருக்கிறது, நான்கு மூங்கில் நட ஆள் இல்லை.

படகோட்டி அண்ணன் நன்றாகப் பேசினார். எல்லைக்கோட்டை நெருங்கும்போது இந்தியக் கடலோரக் காவல்படைக் கப்பல் நின்றது, கொஞ்ச தூரத்தில் இலங்கைக் கடற்படைப் படகு வந்து எங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு முன்னால் போனது. அதில் நின்றவர் கை காட்டினார். அண்ணனும் கை காட்டிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, ‘மத்த நாள்ல இந்த எடத்துல இவனைப் பாத்தா வலையை அறுத்து விட்டுட்டு ஓடுவோம். இன்னைக்கு டாட்டா காட்டுறான் பாருங்க’ என்றார். அதே படகு, அதே கடல். திங்கட்கிழமை அவர் மீன் பிடிக்கப் போய்க் கோட்டைத் தாண்டினால் படகு போய்விடும், ஆள் யாழ்ப்பாணம் சிறைக்குப் போவார். 1974 ஒப்பந்தம் எல்லைக்கோடு போட்டது, 1976 மார்ச்சில் நடந்த கடிதப் பரிமாற்றத்தில் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதில்லை என்று முடிவானது. கோவிலுக்குப் போகிற உரிமை மட்டும் மிச்சம். இந்தப் பயணத்தில் நீங்கள் ஏறுகிற வாகனத்தின் சொந்தக்காரருக்கு, நீங்கள் அனுபவிக்கிற சலுகை வருஷத்தில் இந்த ரெண்டு நாள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இருக்கை இல்லை என்று அவரிடம் சண்டை போட மனசு வராது. (நான் போடவில்லை. பக்கத்தில் ஒருவர் போட்டார்.)

தீவு சின்னது. 285 ஏக்கர், நீளம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அகலம் முந்நூறு மீட்டர் சொச்சம். முட்புதர், மணல், கடல், கோவில், கடற்படை முகாம், அவ்வளவுதான். குடியிருப்பு இல்லை, குடிதண்ணீர் இல்லை. ஆகவே நீங்கள் குடிக்கிற ஒவ்வொரு சொட்டும் யாரோ படகில் ஏற்றிக் கொண்டுவந்தது. அந்தப் பக்க ஏற்பாட்டை யாழ்ப்பாணம் மறைமாவட்டமும் மாவட்டச் செயலகமும் இலங்கைக் கடற்படையும் சேர்ந்து பார்க்கிறார்கள், மனசாரச் சொல்கிறேன், அந்தப் பக்கம் வேலை சுத்தமாக நடந்தது. தற்காலிக இறங்குதளம் போட்டிருந்தார்கள். இறங்கும்போது சீருடை போட்ட இளைஞர் ஒருவர் தண்ணீரில் இடுப்பளவு நின்று, வயதானவர்களைக் கையைப் பிடித்து, சிலரைத் தூக்கியே இறக்கிவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியவில்லை, ‘மெதுவா, மெதுவா’ என்ற ஒரு வார்த்தையைக் கற்று வைத்துக்கொண்டு எல்லோரிடமும் அதையே சொன்னார். பெயரைச் சரிபார்த்தார்கள், பையைப் பார்த்தார்கள், ஒரு குரல் உயரவில்லை. தண்ணீர் வண்டி, முதலுதவிக் கூடாரம், தற்காலிகக் கழிப்பறை, விளக்கு எல்லாம் இருந்தன. கழிப்பறை வரிசை நீளம்தான், ஆனால் ஆளுக்கு ஏற்ற எண்ணிக்கையில் வைக்க யோசித்திருந்தார்கள் என்பது தெரிந்தது.

ராத்திரிச் சாப்பாடு கொடுத்தார்கள். சோறும் மரக்கறியும், தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்பதால் அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்கவில்லை. உறைப்பு நம் நாக்குக்கு ஒரு படி கூடுதல். குழந்தைகளோடு போகிறவர்கள் ரொட்டி, பழம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கை மணலில்தான். ஒரு தடிமனான பிளாஸ்டிக் விரிப்பும் ஒரு போர்வையும் கட்டாயம், விடியற்காலைப் பனியில் துணி நனைந்துவிடும். நான் பார்த்தவரை கூட்டத்தில் பாதிப் பேர் தூங்கவே இல்லை, ஜெபம் சொல்லிக்கொண்டோ கதை பேசிக்கொண்டோ இருந்தார்கள்.

பூசைதான் இந்தப் பயணத்தின் உயிர். வெள்ளி சாயங்காலம் கொடியேற்றம், அப்புறம் தீவைச் சுற்றி சிலுவைப் பாதை, அதன் பிறகு திருப்பலி, நற்கருணை ஆராதனை, ராத்திரி அந்தோணியார் தேர்ப் பவனி. சனி காலை திருவிழாத் திருப்பலி, கொடியிறக்கம், உடனே கிளம்ப வேண்டியதுதான். சிலுவைப் பாதையில் பதினான்கு தலங்களுக்கும் மக்கள் மணலில் மண்டியிட்டு மண்டியிட்டு எழுகிறார்கள், முட்கள் இருக்கும், செருப்பைக் கழற்றாதீர்கள் என்று சொல்லலாம் என்று பார்த்தால் பாதிப் பேர் வேண்டுமென்றே வெறுங்காலோடு நடக்கிறார்கள். ஜெபங்கள் தமிழில், நடுவில் சிங்களத்திலும். இராமேஸ்வரத்துக்காரரும் இலங்கைப் பக்கத்து நெடுந்தீவுக்காரரும் ஒரே ஜெபத்தை வேறு வேறு ராகத்தில் இழுப்பார்கள், முதல் ரெண்டு தலத்தில் இடிக்கும், மூன்றாவதில் இரண்டும் கலந்து ஒரு மாதிரி சரியாகிவிடும். ஒலிபெருக்கிதான் சுமார். பின்வரிசையில் இருந்த எங்களுக்குப் பிரசங்கத்தில் பாதி கடற்காற்றோடு போய்விட்டது.

கோவில் ரெண்டு. பழையது சின்ன ஓட்டுக் கட்டடம், சீனிவாசப் படையாச்சி என்ற நம் கரை மீனவர் கட்டியதாகச் சொல்கிறார்கள், 1905ஐ ஒட்டிய காலம். புதியதை இலங்கைக் கடற்படை கட்டி 2016 டிசம்பரில் திறந்தார்கள். புதியது வசதி, வெளிச்சம், அகலம். ஆனால் கூட்டம் போய்த் தொட்டுக் கும்பிடுவது பழையதைத்தான். மீனவர்களுக்கு அந்தோணியார் கடல் காவலர். கத்தோலிக்கர் மட்டும் வருவதில்லை, எங்கள் படகிலேயே நெற்றியில் திருநீறோடு ஒரு குடும்பம் வந்தது, புயலில் படகு தப்பியதற்காக வேண்டிக்கொண்டார்களாம். 2023 மார்ச்சில் தீவில் புத்தர் சிலை வைத்ததாகப் பெரிய சர்ச்சை எழுந்ததே, அது முகாமில் இருக்கும் தங்கள் ஆட்கள் கும்பிடுவதற்காக வைத்தது என்று கடற்படை விளக்கம் கொடுத்தது. நான் அதைத் தேடிப் போகவில்லை, முகாம் பக்கம் யாத்திரிகரை விடவும் மாட்டார்கள். பாதுகாப்புக்கு நிற்பவர் கும்பிட ஒரு சிலை வைத்துக்கொள்வதில் எனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ஆள் குடியில்லாத ஒரு தீவில், யாழ்ப்பாணத்திலும் இராமேஸ்வரத்திலும் இருப்பவர்கள் தங்களுடையது என்று நினைக்கும் ஒரே ஒரு கோவிலுக்குப் பக்கத்தில், எதை நட்டாலும் அது வெறும் சிலையாகவோ வெறும் மரமாகவோ இருக்காது என்பது அங்கே முடிவெடுத்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

கடைகள் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து கூடாரம் போடுகிறார்கள். சவர்க்காரம், தேங்காய் எண்ணெய், பிஸ்கட், பனங்கட்டி, அந்தோணியார் படம், செபமாலை. ஒரு காலத்தில் இந்தத் திருவிழாவே பண்டமாற்றுச் சந்தையாகவும் இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள், இங்கிருந்து சேலை போகும், அங்கிருந்து சோப்பும் எண்ணெயும் வரும், கூடவே ரெண்டு கரைக் குடும்பங்களும் சம்பந்தம் பேசி முடிப்பார்கள். இப்போது சந்தையில் அந்தச் சுவை இல்லை. விலையும் தீவு விலை. வாங்கினால் கொஞ்சமாக வாங்குங்கள், திரும்பும்போது மறுபடி பையைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும்.

மனிதர்கள்தான் சந்தையை விட மேல். போர்க்காலத்தில் பெரும்பாலான ஆண்டுகள் இந்தத் திருவிழா நடக்கவில்லை, 2010 முதல்தான் மறுபடி ஒழுங்காக நடக்கிறது. இடையில் ஒருவரை ஒருவர் பார்க்காமலே போன சொந்தங்கள் நிறைய. ராத்திரி மணலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெடுந்தீவு அம்மா ஒருவர், நான் வாயைத் திறந்ததும் ‘நீங்கள் அந்தக் கரையோ? வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ’ என்று ஃபிளாஸ்கைத் திறந்துவிட்டார். அவர் கணவர் மீனவர். கணவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘தம்பி, அந்தோனியாரிட்ட வாறதெண்டா நூறு தரம் வாங்கோ. இழுவைமடியோட மட்டும் வராதேங்கோ’ என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. இழுவைமடித் தொழிலை, அதாவது கடலடியோடு வலையை இழுத்து மீன் பிடிப்பதை, இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. நம் இழுவைப் படகுகள் போய் வந்தால் அவர் வலை கிழிகிறது, கடலடி வழிக்கப்படுகிறது, போருக்குப் பிறகு கடன் வாங்கித் தொழிலைத் தொடங்கியவர் அவர். நம் பக்கத்துப் படகோட்டி அண்ணனின் கதையை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ளவும் தேவையில்லை. இந்த மாதிரிப் பேச்சு நடக்க வேறு இடமே இல்லை என்பதால்தான் இந்தப் பயணத்துக்கு நான் இவ்வளவு மார்க் போடுகிறேன். ரெண்டு கரை மீனவரும் அதிகாரி இல்லாமல், கேமரா இல்லாமல், ஒரே பாயில் உட்காருகிற ராத்திரி இது.

இனி தலைவர்கள் விஷயத்துக்கு வருகிறேன், ரிவ்யூவில் இது எதற்கு என்று கேட்காதீர்கள், இந்தச் சேவையை நடத்தும் முதலாளிகள் கடைசியில் அவர்கள்தான். திருவிழா முடிந்த மூன்றாவது வாரம், 2025 ஏப்ரல் 5ஆம் தேதி, கொழும்பில் பிரதமர் மோடிக்கு அதிபர் அநுர குமார திசாநாயக்க மித்ர விபூஷண விருது கொடுத்தார். மறுநாள் ரெண்டு பேரும் அனுராதபுரத்தில் ஜய ஸ்ரீ மகா போதியில் சேர்ந்து நின்று வணங்கினார்கள். பௌத்த உறவுக்காக இந்தியா ஏற்கெனவே 2020இல் 1.5 கோடி டாலர் மானியம் அறிவித்திருந்தது. அதோடு இலங்கையில் 5,000 வழிபாட்டுத் தலங்களுக்குக் கூரை சோலார், திருக்கோணேஸ்வரத்துக்கு உதவி, நுவரெலியா சீதா எலிய கோவிலுக்கு உதவி, எல்லாம் அறிவித்தார்கள். அனுராதபுரத்திலிருந்து மோடி நேராக வந்து இறங்கியது எங்கே? இராமேஸ்வரத்தில். புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தார், இராமநாதசுவாமியைக் கும்பிட்டார். அதற்குச் சில நாள் முன்னால்தான், ஏப்ரல் 2ஆம் தேதி, தமிழகச் சட்டமன்றம் கச்சத்தீவை மீட்கச் சொல்லித் தீர்மானம் போட்டிருந்தது.

இதில் எதுவும் தப்பு என்று நான் சொல்லவில்லை. போதி மரத்தடியில் ரெண்டு தலைவர்கள் நிற்பது நல்ல படம்தான், கோவில்களுக்கு உதவுவதும் நல்லதுதான். ஆனால் ரெண்டு நாட்டு மக்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, விசா இல்லாமல், ஒரே பாட்டைப் பாடுகிற ஒரே வழிபாடு எதுவோ அது இந்தப் பட்டியலில் எந்த வரியிலும் இல்லை. அதற்குக் காரணமும் புரிகிறது. கச்சத்தீவு என்று வாயெடுத்தால் அது எல்லைப் பேச்சாகிவிடும், பக்திப் பேச்சாக இருக்காது. 2025 ஆகஸ்டில் மதுரை மாநாட்டில் விஜய் தீவை மீட்கச் சொல்லிப் பேசினார், இலங்கை வெளியுறவு அமைச்சர் விஜித ஹேரத் விட்டுக்கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை என்றார், செப்டம்பர் 1ஆம் தேதி அநுரவே கடற்படைப் படகில் தீவுக்குப் போய் இறங்கினார். இலங்கை அதிபர் ஒருவர் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நாட்டின் கடலையும் தீவுகளையும் காப்பேன் என்கிற தொனியில் பேசிவிட்டுப் போனார். அவர் வந்ததே ஒரு செய்தி, சரி. ஆனால் வந்தது திருவிழா நாளில் இல்லை. மார்ச் கூட்டத்துக்கு நடுவில் வந்து, இந்தப் பக்கத்திலிருந்து ஒரு அமைச்சரும் வந்து, ரெண்டு பேரும் அந்த நெடுந்தீவுக்காரருடைய பாயில் உட்கார்ந்திருந்தால் செய்தி வேறு மாதிரி இருந்திருக்கும்.

சிலர் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் இருக்கிறதே, அதில் போகலாமே என்கிறார்கள். அது வேறு சாமான். மோடி 2023 அக்டோபரில் காணொளி மூலம் தொடங்கி வைத்தார், கொஞ்ச நாளிலேயே நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஏசி உண்டு, சீட் உண்டு, கழிப்பறை உண்டு, பாஸ்போர்ட்டும் வேண்டும். யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு நல்ல வசதி. கச்சத்தீவுக்கு அது போகாது.

திரும்பும் வழி, போன வழியை விட மோசம். சனி காலைத் திருப்பலி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கரைக்கு ஓடுகிறார்கள், படகு எண்ணைக் கூப்பிடுகிற குரல் யாருக்கும் கேட்பதில்லை. வந்த படகிலேயே திரும்ப வேண்டும் என்பது விதி, தலை எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்பதால் அது நியாயமும்கூட, ஆனால் மணலில் நின்றுகொண்டு வரிசையாக மிதக்கிற ஒரே மாதிரிப் படகுகளில் நம்முடையது எது என்று தேடுவது வயதானவர்களுக்குப் பெரிய பாடு. ஏறும்போதே பதிவு எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இராமேஸ்வரத்தில் இறங்கியதும் மறுபடி சோதனை, மறுபடி வெயில். வாங்கிய எண்ணெய் பாட்டிலை வைத்து ஒருவர் இருபது கேள்வி கேட்கப்பட்டதைப் பார்த்தேன்.

மார்க் போடச் சொன்னால், தீவின் ஏற்பாட்டுக்குப் பத்துக்கு எட்டு. பூசைக்கும் அந்த ராத்திரிக்கும் முழு மார்க், ஒலிபெருக்கிக்காக அரை குறைத்துக்கொள்ளலாம். படகுப் பயணத்துக்கு நான்கு, அதுவும் லைஃப் ஜாக்கெட்டுக்காகவும் அண்ணனுக்காகவும். இந்தப் பக்கத்துச் சோதனை ஏற்பாட்டுக்கு மூன்று.

முழங்கால் வலி, சிறுநீரகத் தொந்தரவு, கடல் மயக்கம் உள்ளவர்கள், கைக்குழந்தையோடு இருப்பவர்கள் இப்போது இருக்கிற நிலையில் போக வேண்டாம் என்பதே என் கருத்து. வேளாங்கண்ணி வசதியை எதிர்பார்த்துப் போகிறவர்களும் வேண்டாம். மற்றவர்கள் தாராளமாகப் போகலாம். தொப்பி, ரெண்டு லிட்டர் தண்ணீர், விரிப்பு, போர்வை, வாந்தி மாத்திரை, டார்ச், உப்பு பிஸ்கட். போன் சிக்னலை நம்பாதீர்கள், கூட வருபவர்களோடு பழைய கோவில் வாசல் என்று ஒரு இடத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

திருவிழா தவக்காலத்தில் வருவதால் தேதி ஒவ்வொரு வருஷமும் மாறும், பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ விழும். ஜனவரியிலிருந்தே அறிவிப்பைக் கவனித்துக்கொண்டு இருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் போலீஸ் சான்றுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள், விண்ணப்பத்தில் இழுத்தடிக்கிற ஒரே காகிதம் அதுதான்.